பதினேழாவது பாட்டு

1997 பிப்ரவரி 11, செவ்வாய்

காலை முழுவதும் சோப்புத் தூள் விளம்பரத்துக்கு நாலு வரி. வெள்ளை வெளேர் என்பதை இதற்கு மேல் எத்தனை விதமாகத்தான் சொல்வது? ஐம்பத்து நாலு வயதில் நுரையைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மத்தியானம் சேமா போன் செய்தான். பாடகி நியேவெஸின் எல்லா ஆல்பத்துக்கும் அவன்தான் தயாரிப்பாளர். அவளும் நானும் பிரிந்த பிறகு எங்கள் இருவரிடமும் பேசுகிற ஒரே ஆள்.

"யோவ் வாரோ, உசுரோட இருக்கியா? நம்ம நியேவெஸ் ஹிட்டையெல்லாம் ஒண்ணாத் தெரட்டி ஆல்பம் போடுது கம்பெனி. பதினாறு பாட்டு. மே பத்து அன்னையர் தினத்துக்குள்ள கடைக்குப் போயிடணுமாம்."

"பதினாறுல பதினாலு நான் எழுதினது. எனக்கு ஒண்ணு இனாமாத் தருவியா?"

"தரேன்யா, அழாத. விஷயம் அது இல்ல. பதினேழாவதா புதுசா ஒண்ணு வேணும்."

வேண்டும்தான். பழைய பாட்டெல்லாம் ஏற்கெனவே எல்லார் வீட்டிலும் இருக்கிறது. மறுபடி வாங்க வைப்பதற்குக் கடைசியில் ஒரு புதுப்பாட்டை ஒட்டிவிடுவார்கள். ஊரறிந்த தந்திரம்.

"மெட்டு அவளே போட்டுட்டா. வார்த்தைக்கு உன்னைத்தான் கேட்டா."

"கம்பெனியா கேட்டுது?"

"அட, நியேவெஸ்தான்யா. ரெண்டு தடவ சொன்னா உன் பேரை."

அவள் போய் மூன்று வருஷம் நாலு மாதம். சட்டப்படி இன்னும் என் மனைவி. விவாகரத்து மனு மேஜை டிராயரில் கிடக்கிறது. அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பியது. நான் போடவில்லை. பேனா கிடைக்கவில்லை என்று மூன்று வருஷமாக எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவள் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான். இதை எழுதிவைக்கக் கூச்சமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 12

ரெண்டு தடவை சொன்னாளாம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

கேசட் வந்தது. மேலே அவள் கையெழுத்து: 'வாரோவுக்கு. முழுசாகக் கேள்.' முப்பது வருஷம் பாட்டெழுதினவனுக்குப் பாடம் சொல்கிறாள்.

கிதார், அவள் குரல், நடுவில் ஒரு இருமல். குரல் கொஞ்சம் கனத்திருக்கிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. மெட்டு பிரமாதம். மேலே போகப் போகிறது என்று நினைக்கும்போது கீழே இறங்கி உட்கார்ந்துவிடுகிறது.

எங்கள் தொழிலில் மெட்டுப் போடுகிறவர் வாய்க்கு வந்த வார்த்தைகளை வைத்துப் பாடி அனுப்புவார். அர்த்தம் இருக்காது, அளவு இருக்கும். அதற்குப் பூதம் என்று பேர். பாட்டெழுதுகிறவன் பூதத்தின் அசைகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டு, எண்ணி முடித்ததும் தூக்கி எறிய வேண்டும். அதன் பேச்சுக்குக் காது கொடுத்தால் தொலைந்தான், அந்த வார்த்தைகளே மண்டைக்குள் குடியேறிவிடும். நியேவெஸின் பூதங்கள் ஸ்டூடியோவில் பேர்போனவை. எங்கள் முதல் பெரிய ஹிட்டின் பூதம் அவித்த முட்டையையும் அவள் சித்தியின் கிழிந்த செருப்பையும் பற்றியது. இன்று அது கல்யாணத்துக்குக் கல்யாணம் பாடுகிற பாட்டு.

இந்தத் தடவையும் அதே மாதிரிதான்:

சீனர் கடை, ஜன்னல் ஓரம்,
வியாழக்கிழமை அஞ்சு மணி,
பால்காப்பி ரெண்டு கிளாஸ்,
நாற்காலியில் என் பை இருக்கும்.

சிரித்துவிட்டேன். புக்கரேலி தெருவிலுள்ள சீனர் காப்பிக்கடையில்தான் முதல் மூன்று வருஷமும் பாட்டெழுதினோம். வீட்டில் மேஜை கிடையாது. அவள் பூதத்தில் அந்தக் கடை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

முதல் சரணத்தையும் பல்லவியையும் எண்ணி முடித்தேன். இரண்டாவது சரணத்துக்கு அதே மெட்டு திரும்பியதும் நிறுத்திவிட்டேன். அளவு ஒன்றுதானே.

பிப்ரவரி 21, வெள்ளி

கம்பெனியில் கூட்டம். நியேவெஸ் வரவில்லை. புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனது வீண்.

விற்பனைப் பிரிவுத் தலைவி, திரெவிஞ்ஞோ அம்மாள், வயது முப்பது இருக்கும். "கெஞ்சற பாட்டு வேண்டாம் சார். அழுவாச்சி இப்ப ஓடல. திமிரு வேணும். பொம்பளைங்க நாலு பேர் சேர்ந்து உக்காந்து, கிளாஸைத் தூக்கிக் கத்திப் பாடணும். போடான்னு சொல்ற பாட்டு."

"யாரைப் போடாங்கறது?"

"யாரையாவது. எல்லாருக்கும் ஒருத்தன் இருப்பான்ல சார்."

சேமா மேஜைக்கடியில் என் காலை மிதித்தான்.

போடா பாட்டு எழுதுவது எனக்கு இடது கை வேலை. பாதி ஊர் என் வரியைச் சொல்லித்தான் காதலனைத் துரத்தியிருக்கிறது.

பிப்ரவரி 27, வியாழன்

சாயங்காலம் ஏழு மணி வரை மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை. பல்லவி வந்துவிட்டது.

பூட்டை மாற்றிவிட்டேன், சாவியைத் தேடாதே,
உன் பேர் இருந்த இடத்தில் சுண்ணாம்பு அடித்தாயிற்று.

சுண்ணாம்பு அவளுக்குப் பிடிக்கும். அந்தச் சொல்லைப் பாடும்போது உதட்டை எப்படிக் குவிப்பாள் என்றுகூடத் தெரியும்.

மார்ச் 6, வியாழன்

முதல் சரணம் முடிந்தது. சாயங்காலம் அவளுக்குப் போன் செய்து படித்துக் காட்டலாமா என்று மூன்று தடவை ரிசீவரை எடுத்தேன். எடுத்தது இந்தக் கைதான், வைத்ததும் இதே கைதான். வேண்டாம். பாட்டே பேசட்டும். நான் வாயைத் திறந்த இடமெல்லாம் கெட்டுத்தான் போயிருக்கிறது.

வீட்டை விட்டுப் போன அன்று அவள் சொன்னது: "நான் உன்கிட்ட பேசறேன் வாரோ, நீ வெரலை விட்டு எண்ணிக்கிட்டு இருக்க." அது உண்மை. குழந்தை வயிற்றிலேயே இறந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் சொன்ன ஒரு வாக்கியத்தை நான் அப்படியே பாட்டில் வைத்தேன். அது பெரிய ஹிட். இந்த ஆல்பத்தில் ஒன்பதாவது. பதினோரு வருஷம் மேடை மேடையாக அதை அவள் பாடினாள்.

மார்ச் 10, திங்கள்

வரிகளைச் சேமாவிடம் கொடுத்தேன். இன்றே அவளுக்கு அனுப்புகிறானாம். படித்துவிட்டு, "கொன்னுட்டய்யா! இதைக் கேட்டா என் பொண்டாட்டியே பூட்டை மாத்திடுவா" என்றான்.

மார்ச் 14, வெள்ளி

அவளிடமிருந்து ஒரு சொல் இல்லை. பிடித்திருந்தால் உடனே கூப்பிடுவாளே. அல்லது மிகவும் பிடித்துவிட்டதோ?

மார்ச் 18, செவ்வாய்

ஒலிப்பதிவு.

மூன்று வருஷத்தில் இன்றுதான் நேருக்கு நேர் பார்த்தேன். முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். கன்னத்தில் முத்தம் கொடுத்தாள், எல்லாருக்கும் கொடுக்கிற மாதிரி. எல்லாருக்கும் கொடுக்கிற மாதிரிதானா என்று அரை மணி நேரம் யோசித்தேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் விளக்கைக் குறைக்கச் சொன்னாள். ஒரே தடவை. திரும்பப் பாடவே இல்லை. "சுண்ணாம்பு அடித்தாயிற்று" வரும்போது கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே பாடினாள், கண்ணீர் வழிகிறது, துடைக்கவில்லை, சுருதி மட்டும் இம்மியும் நகரவில்லை. சேமா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். என் மேல் பெருமை பெருமையாக வந்தது, ஒளித்து என்ன.

வெளியே வந்து தண்ணீர் குடித்தாள். கையில் என் தாள்.

"நிஜமாவே இப்படித்தானா, வாரோ?"

"இப்படித்தான். ஒரு எழுத்து மாத்தாத."

"சரி," என்றாள். தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

என் வரிக்கு அழுதாள். வேறு என்ன அடையாளம் வேண்டும்? வருவாள். ஈஸ்டருக்குள் வருவாள்.

மார்ச் 28, பெரிய வெள்ளி

ஊரே காலி. பாதிப் பேர் கடற்கரைக்குப் போய்விட்டார்கள், மீதிப் பேர் சிலுவைக்குப் பின்னால் நடக்கிறார்கள். நான் குளியலறைக் கசிவை அடைத்தேன். ஜன்னல்களுக்குப் புதுத் திரை. அவள் பக்கத்து அலமாரித் தட்டில் என் பனியன்கள் கிடந்தன. எடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

காலையில் நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

பதினோரு மணிக்குச் சொகோர்ரோ வந்தாள். நியேவெஸின் தங்கை, வீட்டில் சோக்கோ. ஆல்பத்தோடு வரும் சின்னப் புத்தகத்துக்குப் பழைய போட்டோ வேண்டுமாம். பெட்டியை எடுத்து வைத்தேன். எப்போதும் வாயாடுகிறவள், இன்று முறைத்துக்கொண்டே படங்களைப் பொறுக்கினாள். புதுத் திரையைப் பார்த்தாள்.

"யாருக்கு அத்தான் இந்த அலங்காரமெல்லாம்?"

"உங்கக்காவுக்குத்தான். வேற யாருக்கு?"

கையிலிருந்த போட்டோக்களைக் கீழே வைத்துவிட்டாள்.

"உங்களுக்கு வெக்கமே கெடையாதா அத்தான்? மூணு வியாழக்கெழமை அந்தச் சீனன் கடைல போய் உக்காந்திருந்தா எங்கக்கா. பச்சைச் சட்டை, உதட்டுச்சாயம், எல்லாம் போட்டுக்கிட்டு. ஜனங்க வந்து கையெழுத்து வாங்கிட்டுப் போறாங்க, ஒத்த நாற்காலில பையை வெச்சு எடம் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. நீங்க வரல. சரி, வரலேன்னா ஒரு போன் பண்ணிச் சொல்லலாம். பூட்டை மாத்திட்டேன்னு பாட்டெழுதி அனுப்புறீங்க. அதை அவ வாயாலயே பாடவும் வெச்சீங்க!"

"எந்த வியாழக்கிழமை?" என்று கேட்டேன்.

"கேசட்ல சொல்லியிருந்தாளே!"

"அது பூதம், சோக்கோ. அதெல்லாம் பூதம்."

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். கோபம் போய்விட்டது. அதுதான் பயமாக இருந்தது. "ரெண்டாவது சரணம் கேட்டீங்களா இல்லையா?" என்றாள்.

அதே நாள், மூன்று மணி

கேட்டேன். பிப்ரவரி பதினெட்டாம் தேதி நிறுத்திய இடத்திலேயே கேசட் நின்றிருந்தது. பொத்தானை அமுக்கினேன், அவ்வளவுதான் வேலை.

வாரோ, இது பூதம் இல்லை,
மூணு வியாழன் காத்திருப்பேன்,
வீட்டுக்கு வர ஆசையிருக்கு,
வரலேன்னா மறுபடி கேக்கமாட்டேன்.

அளவு பிசகவில்லை. அதையும் மெட்டுக்குள் அடக்கித்தான் பாடியிருக்கிறாள்.

முழுசாகக் கேள் என்று எழுதினாளே — கேசட் மேலேயே எழுதினாளே — முழுசாக்கூடக் கேக்காம என்ன பெரிய பாட்டுக்காரன் நான்? அவள் திரும்ப வரேங்கறா, நான் போடாங்கறேன். அதுவும் அவள் குரலிலேயே. நிஜமாவே இப்படித்தானான்னு கேட்டா. கண்ணெதிரே நின்னு கேட்டா. ஒரு எழுத்து மாத்தாதேன்னு சொன்னேன்.

கடவுளே.

ஏப்ரல் 3, வியாழன்

ஐந்து மணிக்குச் சீனர் கடைக்குப் போனேன். ஜன்னல் ஓர மேஜையில் ஒரு குடும்பம் பிறந்த நாள் கொண்டாடிக்கொண்டிருந்தது. நின்றுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 5, சனி

கோயோவகானில் அவள் குடியிருக்கும் வீட்டுக்குப் போனேன். சொல்லாமல்தான். கதவைத் திறந்தவள் ஆச்சரியப்படவில்லை. உள்ளே வா என்றாள். காப்பி கொடுத்தாள். நல்ல காப்பி.

"ரெண்டாவது சரணத்தை நான் கேக்கவே இல்ல, நியேவெஸ். சத்தியமா."

"சோக்கோ சொன்னா."

"ஏன் ஒரு போன் பண்ணிச் சொல்லல?"

"போன்ல சொன்னா நீ ஒரு ஜோக் அடிச்சு மழுப்பிடுவ. பாட்டை மட்டும்தான் நீ ஒழுங்காக் கேப்பன்னு நெனச்சேன். வேற எதையும் நீ கேட்டு நான் பார்த்ததில்ல."

அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். அவள் நாப்கின் எடுத்து நீட்டினாள்.

"இப்ப வந்துட்டேன்ல. வீட்டுக்குப் போலாம் வா. பாட்டை நிறுத்தச் சொல்றேன் சேமாகிட்ட."

"நிறுத்தாத. நல்ல பாட்டு அது." கப்பைத் தள்ளி வைத்தாள். "கேசட் உன் கைக்கு வந்து சேரட்டும்னு ஒரு வாரம் விட்டுட்டுத்தான் போக ஆரம்பிச்சேன். மொத வியாழன் நீ வரலேன்னு கோபமா இருந்துச்சு. ரெண்டாவது வியாழன் வீட்டுக்குப் போயி அழுதேன். மூணாவதுக்கு முந்தி உன் தாள் வந்துடுச்சு. அப்பவும் போனேன், வாக்குக் கொடுத்தாச்சேன்னு. போய் உக்காந்தேனா, வாரோ, எனக்குப் பசிச்சுது. மூணு என்சிலாடா கொண்டுவரச் சொன்னேன். மூணையும் சாப்பிட்டேன். சாஸைக்கூட ரொட்டியால தொடச்சுச் சாப்பிட்டேன். வாசல் பக்கம் ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கல. வெளில வந்தப்பறம்தான் அது எனக்கே தெரிஞ்சுது."

"ஸ்டூடியோல அழுதியே?"

"அழுதேன். இருபத்தேழு வருஷம்டா. ஒரு பொழுது அழக்கூடாதா?"

நான் ஏதோ சொல்லப் போனேன். நேசிக்கிறேன் என்றா, மன்னி என்றா, இப்போது ஞாபகம் இல்லை. அவள் என் கையைப் பார்த்துச் சிரித்தாள். கோபமான சிரிப்பில்லை.

"பாரு. இப்பவும் எண்ணுற."

குனிந்து பார்த்தேன். கட்டைவிரல் மூன்றாவது விரலில் நின்றிருந்தது.

ஏப்ரல் 6

ஞாயிறு. படுத்தே கிடந்தேன்.

ஏப்ரல் 17

சேமா கூப்பிட்டான். வானொலிக்காரர்களுக்குப் பதினேழாவது பாட்டை முன்கூட்டியே அனுப்பிவிட்டார்களாம். பதினாறையும் விட்டுவிட்டு அதையே போடுகிறார்களாம். "கோடி கும்பிடு உனக்கு" என்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. சொல்லவும் இல்லை.

மே 10, சனி

அன்னையர் தினம்; எந்தக் கிழமையானாலும் இங்கே மே பத்துதான். ஆறு மணிக்கே தெருவில் மரியாச்சி வாத்தியக் கோஷ்டிகள், தாய்மாருக்கெல்லாம் வாழ்த்துப் பாட்டு. மூன்றாவது மாடி அம்மாளுக்கு அவள் பிள்ளைகள் ஆல்பத்தை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அட்டையில் நியேவெஸின் முகம், உள்ளே பதினாறும் ஒன்றும். பத்து மணிக்கு அந்த அம்மாள் அதைப் போட ஆரம்பித்தாள். ஒன்பதாவது பாட்டு வரும்போது ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டேன். பிறகு அணைத்தேன்.

பதினேழாவதை அவள் ஐந்து தடவை போட்டாள். கூடவே பாடினாள், அக்காள் தங்கை மருமகள் எல்லாரும் சேர்ந்து பாடினார்கள், மேஜையைத் தட்டிக்கொண்டு. பூட்டை மாற்றிவிட்டேன், சாவியைத் தேடாதே. திரெவிஞ்ஞோ அம்மாள் கேட்டது அச்சாக நடக்கிறது. அந்த வீட்டில் ஒருவருக்கும் வருத்தமில்லை, அவ்வளவு சந்தோஷமாகப் பாடினார்கள். படியில் என்னைப் பார்த்த மூன்றாவது மாடி அம்மாள், "எவனை நெனச்சு எழுதினீங்க சார் இதை? நல்லா வேணும் அவனுக்கு!" என்றாள்.

ஆமாம் என்றேன்.

மே 22, வியாழன்

டிராயரிலிருந்து மனுவை எடுத்தேன். பேனா மேஜை மேலேயே இருந்தது. இத்தனை நாளும் அங்கேதான் இருந்தது.

போட்டுவிட்டேன். அவள் எதைத்தான் கேட்டாள் என்னிடம்? இதை ஒன்று மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மே 26, திங்கள்

பதிவு அலுவலகத்தில் இருவருமாகக் கொடுத்தோம். குழந்தை இல்லை, பங்குச் சண்டை இல்லை, அதனால் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லையாம். பதினைந்து நாள் கழித்து மறுபடி வந்து, மனசு மாறவில்லை என்று சொல்ல வேண்டும். ஏழு நிமிஷம் ஆயிற்று.

ஜூன் 10, செவ்வாய்

அவள் எனக்கு முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மழை வருமா என்று பேசிக்கொண்டோம். வரும் என்றாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் போன தடவை இருந்தவர் இல்லை, குண்டான ஒரு அம்மாள். கழுத்தில் சங்கிலியில் கண்ணாடி. நியேவெஸைப் பார்த்ததும் எழுந்தே விட்டாள். கைப்பைக்குள் துழாவி ஆல்பத்தை வெளியே எடுத்தாள். பஸ்ஸில் கேட்டுக்கொண்டே வருவாளாம்.

"தப்பா நெனைக்காதீங்க அம்மா, இந்த நேரத்துல கேக்கக்கூடாதுதான். ஒரே ஒரு கையெழுத்து. பெர்பெத்துவான்னு போடுங்க. இந்தக் கடைசிப் பாட்டைக் கேட்டுத்தான் நான் எங்க வீட்டாளைத் தொரத்தினேன்!"

நியேவெஸ் சிரித்துக்கொண்டே எழுதினாள், தேதியும் போட்டாள். அந்த அம்மாள் சின்னப் புத்தகத்தை ஆசையோடு புரட்டினாள், கடைசிப் பக்கத்தில் நின்றாள். பிறகு எங்கள் கோப்பில் என் முழுப் பேரைப் பார்த்தாள். மறுபடி புத்தகத்தைப் பார்த்தாள்.

"எவரிஸ்தோ கிரோஸ். நீங்கதானா சார் அது? ரெண்டு பேரும் சேர்ந்தா எழுதினீங்க இதை?"

"ஆமா," என்றாள் நியேவெஸ். "மெட்டு என்னுது. வார்த்தை அவரோடது."

பெர்பெத்துவா அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆல்பத்தை என் பக்கம் தள்ளினாள். நியேவெஸ் பேனாவை நீட்டினாள். அவள் கையெழுத்துக்குக் கீழே என்னுடையதைப் போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"வெச்சுக்குங்க சார்," என்று பெர்பெத்துவா அம்மாள் கோப்பைத் திறந்து வைத்தாள். "இதுலயும் போட்டுடுங்க. மனசு மாறலியே?"

நியேவெஸ் என்னைப் பார்த்தாள். காத்திருந்தாள். எதையும் எண்ணாமல் நான் அவளைப் பார்த்தேன். முடி நரைக்க ஆரம்பித்திருக்கிறது, களைப்பாக இருக்கிறாள், காலையில் சரியாகச் சாப்பிடவில்லை போலிருக்கிறது.

"அவளைக் கேளுங்கம்மா," என்றேன். "அவள் சொல்றதுதான்."

"மாறல," என்றாள் நியேவெஸ். மிகவும் மெதுவாகச் சொன்னாள்.

கையெழுத்துப் போட்டேன்.